இருபத்திநாலு பேரை எங்கே நிறுத்துவது?

ஹாஸ்டல் மெஸ்ல தோசைக்கு க்யூ. ரெண்டு கல்லு, ரெண்டு வரிசை. நீங்க நிக்கிற வரிசை மட்டும் நகரவே நகராது. பக்கத்து வரிசை பறக்கும். சரின்னு அங்கே மாறி நின்னா, விட்டுட்டு வந்த வரிசை பறக்கும்! 'நம்ம ராசி அப்படி'ன்னு நொந்துக்காதீங்க பாஸ். இது ராசி இல்லை, கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் போன் கம்பெனி லைன் இழுக்குது, ஏர்போர்ட் கவுன்ட்டர் திறக்குது, ஆன்லைன்ல நீங்க ஆர்டர் பண்ற செருப்பை எடுத்துக் கொடுக்க எத்தனை பேர் வேணும்னு வேர்ஹவுஸ் முடிவு பண்ணுது.

எங்க ஊர்ல வேர்ஹவுஸுக்குப் பேரு கிட்டங்கி. ஊரு போடிநாயக்கனூர். நான் மதுரையில ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சப்ப, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கிட்டது எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு ஏலக்காய் கிட்டங்கியை. 'ரோபோ, ராக்கெட்னு ஊரே அலையுது. நீ என்னடி சாக்கு மூட்டையைக் கட்டிக்கிட்டு அழுவுறே?'ன்னு கிளாஸ்ல செம ஓட்டு ஓட்டினாங்க. ஓட்டட்டும்! அந்தச் சாக்கு மூட்டைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு இப்ப உங்களுக்குச் சொல்றேன்.

மூக்கு சொல்லும் ஊரு

தேனியில இருந்து போடிக்குள்ள பஸ் நுழையும்போது கண்ணை மூடிக்கிட்டு இருந்தாலும் மூக்கு சொல்லிடும், ஊரு வந்தாச்சுன்னு. காய் விளையுறது மேலே, கேரளாவின் இடுக்கி மலையில. வியாபாரம் பாதி கீழே, எங்க ஊர்ல. கம்பம், கூடலூர், தேவாரம், போடின்னு இந்தப் பள்ளத்தாக்கு ஊர்கள்ல இருந்து விடியுறதுக்கு முன்னாடியே ஜீப்புகள் கிளம்பும். கம்பம்மெட்டு வழியா, போடிமெட்டு வழியா, குமுளி வழியா தோட்டத்துக்குப் பெண்கள் வேலைக்குப் போவாங்க. சாயங்காலம் இறங்குவாங்க. எடுத்த பச்சைக் காய் மலையிலேயே காய்ஞ்சு, மூட்டையாகி, ஏலத்துக்கு வரும். ஏலக்காயை ஏலம் விடுற ஊருங்க!

முன்னெல்லாம் வாயால கூவித்தான் ஏலம். 2007-ல ஸ்பைசஸ் போர்டு அதைக் கம்ப்யூட்டருக்கு மாத்திடுச்சு. இப்ப போடியிலேயும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலேயும் வியாபாரிகள் ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்து, சாம்பிள் காயைக் கையில உருட்டிப் பார்த்துட்டு பட்டனைத் தட்டுறாங்க. விலை எப்படி ஆடும்னு கேட்டா ஆடிப்போயிடுவீங்க. 2018 ஆகஸ்ட் வெள்ளம் இடுக்கித் தோட்டங்களைப் புரட்டிப் போட்டுச்சு. அடுத்த வருஷம் மழையும் தள்ளிப்போச்சு. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்துல ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு!

ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறிடுச்சு. ஆனா வாங்கின மூட்டை கிட்டங்கிக்கு வந்த பிறகு நடக்கிறது, பெரும்பாலும் இன்னும் கைவேலைதான். நான் பார்த்த கிட்டங்கியில நாலு கட்டம். முதல்ல மூட்டையை இறக்கி எடை போடணும். அடுத்து சல்லடையில சலிச்சு சைஸ் பிரிக்கணும். ஏலக்காய்க்கு மில்லிமீட்டர்தான் ஜாதகம். 7 மில்லிமீட்டருக்கு மேலன்னா 'எக்ஸ்ட்ரா போல்டு', 6-க்கு மேலன்னா 'போல்டு', 5-க்கு மேலன்னா 'சுப்பீரியர்'னு ரகம் எழுதுவாங்க. மூணாவது, பெண்கள் வரிசையா உட்கார்ந்து வெடிச்ச காய், சொறிக் காய், நிறம் வெளுத்த காயைப் பொறுக்கி எடுக்கணும். கடைசியா, ரகவாரியா மூட்டை கட்டித் தைக்கணும்.

மொத்தம் 24 பேர். இறக்க 4, சலிக்க 2, பொறுக்க 16, கட்ட 2. 'ஏன் இப்படி?'ன்னு முதலாளியைக் கேட்டேன். 'எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தாம்மா'ன்னார். நம்ம நாட்டுல பாதி கணக்குக்கு இதுதானே விடை!

ஆறு வருஷ வேலை, ஒரே ராத்திரியில

24 பேரை நாலு கட்டத்துக்கு எத்தனை விதமாப் பிரிக்கலாம்? ஒவ்வொரு கட்டத்துலயும் குறைஞ்சது ஒரு ஆளாவது இருக்கணும்னு வைச்சுக்கிட்டா 1,771 விதம். ப்ளஸ் டூ கணக்குதான், போட்டுப் பாருங்க. ஒவ்வொரு விதத்தையும் நிஜமா ஒரு நாள் நடத்திப் பார்க்கலாம்னா, வருஷத்துக்கு 300 வேலை நாள்னாலும் கிட்டத்தட்ட 6 வருஷம் ஆகும். அதுவரைக்கும் முதலாளி நம்மளை உள்ளே விடுவாரா?

இங்கேதான் சிமுலேஷன் வருது. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொய்க் கிட்டங்கி கட்டுறோம். பொய் மூட்டை வருது, பொய் ஆட்கள் சலிக்கிறாங்க, பொய்க் கடிகாரம் ஓடுது. ஆனா மூட்டை வர்ற நேரமும் ஒவ்வொரு வேலைக்கும் ஆகுற நேரமும் நிஜத்துல அளந்து எடுத்தது. நிஜத்துல எப்படிக் கூடிக் குறையுதோ, அதே மாதிரி உள்ளேயும் கூடிக் குறையணும். அதுக்குத்தான் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் தாயக்கட்டை உருட்டுற மாதிரி ஒரு எண்ணை எடுக்கும். 1,771 விதத்தையும், விதத்துக்கு 100 நாள் வீதம் ஓட விட்டுட்டு நான் படுத்துத் தூங்கினேன். காலையில எழுந்தப்ப 1,77,100 நாள் முடிஞ்சிருந்துச்சு. ஐந்நூறு வருஷத்துக்கு மேலங்க!

இந்த 'உருட்டிப் பார்க்கிற' ஐடியா எங்கே பிறந்துச்சு தெரியுமா? நோயில. 1946-ல ஸ்டானிஸ்லாவ் உலாம்னு ஒரு கணித மேதை உடம்பு சரியில்லாம படுத்திருந்தார். பொழுது போகாம தனியாச் சீட்டாடிக்கிட்டு இருந்தவருக்கு, இந்த ஆட்டம் ஜெயிக்கிறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு ஒரு சந்தேகம். ஃபார்முலா போட்டுப் பார்த்தா தலை சுத்துது. 'நூறு தடவை ஆடிப் பார்த்து, எத்தனை தடவை ஜெயிக்கிறோம்னு எண்ணிட்டா என்ன?'ன்னு தோணுச்சு. நண்பர் ஜான் வான் நாய்மன்கிட்ட சொன்னார். அப்பதான் கம்ப்யூட்டர் பிறந்து தவழ்ந்துக்கிட்டு இருந்த நேரம். சூதாட்ட ஊரான மான்டே கார்லோ பேரையே அந்த முறைக்கு வைச்சாங்க. முதல் உபயோகம், அணுகுண்டு ஆராய்ச்சிக்கு. கருவி யார் கையில இருக்கோ அவங்க கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இதை ஞாபகம் வைச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ரெண்டு தாயக்கட்டை, ஒரு குவியல்

கம்ப்யூட்டரே வேண்டாம். ரெண்டு லூடோ டைஸ், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு ரூம்மேட். போதும். இன்னைக்கே ஆடிப் பாருங்க.

நீங்க சல்லடை. ரூம்மேட் பொறுக்குறவங்க. ஒரு உருட்டுக்கு ஒரு மணி நேரம். உங்களுக்கு எத்தனை விழுதோ அத்தனை கொட்டையைக் குவியல்ல வைங்க. ரூம்மேட்டுக்கு எத்தனை விழுதோ அத்தனையைக் குவியல்ல இருந்து எடுக்கலாம். குவியல்ல இருந்தாத்தான்! ரெண்டு பேர் திறமையும் சமம்தான், சராசரி மணிக்கு 3.5. அப்ப மணிக்கு 3.5 கொட்டை வெளியே வரணுமே? வராது. முதல் மணி நேரத்துல சராசரியா 2.5 தான் வரும். ரெண்டு டைஸ்ல எது கம்மியோ அதுதான் வெளியே போகும், அதோட சராசரி 91-ஐ 36-ஆல வகுத்தா வர்றது.

நீங்க 6 போட்டு, ரூம்மேட் 1 போட்டா, மிச்சம் 5 குவியல்ல பத்திரமா நிக்கும். நாளைக்குக் கூட எடுக்கலாம். ஆனா நீங்க 1 போட்டு, ரூம்மேட் 6 போட்டா? அவங்களால எடுக்க முடிஞ்சிருக்கிற அந்த 5 காத்துல போச்சு. காய் காத்திருக்கும். நேரம் காத்திருக்காது.

கிலோ கணக்குல கூலி வாங்குற ஒரு பொம்பளைக்கு, காத்துல போன அந்த 5 என்னன்னு யோசிச்சுப் பாருங்க. நான் யோசிச்சது அங்கேதான். ஏன்னா அந்தப் பதினாறு பேர்ல ஒருத்தங்க எங்க சித்தி.

சித்தியோட கடிகாரம்

முதல் வாரம் லேப்டாப்பையே திறக்கலை. செல்போன் ஸ்டாப்வாட்ச்சும் நோட்டும்தான். எல்லார்கிட்டயும் கேட்டு, 'சரி'ன்னு சொன்ன பிறகுதான் அளந்தேன். அதிலேயும் பேர் எழுதலை, கட்டத்தை மட்டும்தான் எழுதினேன். இதை நீங்களும் கண்டிப்பாச் செய்யணும் ஃப்ரெண்ட்ஸ். ஒருத்தர் வேலை செய்யுறதைக் கடிகாரம் வைச்சு அளக்கிறது சாதாரண விஷயம் இல்லை. 'யார் ஸ்லோ?'ன்னு தேடி வந்திருக்கீங்களோன்னு வயித்துல புளியைக் கரைக்கும்.

சித்தி இருபது வருஷமாக் காய் பொறுக்குறாங்க. பேசிக்கிட்டே இருப்பாங்க, விரல் தானா ஓடும். 'ஏத்தா, எங்களை அளக்கிறியே, சும்மா உக்காந்திருக்கோமே, அதையும் அளப்பியா?'ன்னு கேட்டாங்க. 'அதைத்தான் சித்தி முதல்ல அளக்கப் போறேன்'னேன்.

ஒரு வாரத்துல புரிஞ்சது இது. ஏலம் முடிஞ்ச மறுநாள் லோடு மொத்தமா வந்து குவியும். மத்த நாள் ஒண்ணு ரெண்டுன்னு சொட்டும். நல்ல லாட் மூட்டை மளமளன்னு முடியும். பூச்சி அரிச்ச சொறிக் காய் லாட்டுன்னா அதே மூட்டைக்கு ரெண்டு மடங்கு நேரம். காலையில எட்டு மணிக்குப் பதினாறு பேரும் வந்து உட்கார்ந்துடுவாங்க. ஆனா ரெண்டே பேர் சலிச்சுப் போடணும். முதல் ரெண்டு மணி நேரம் பொறுக்குறதுக்குக் காய் போதாது. அதே நேரத்துல மூட்டை கட்டுற ரெண்டு பேரும் கட்டுறதுக்கு எதுவுமே இல்லாம டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. மத்தியானத்துக்கு மேல காய் மலையாக் குவியும். 'சீக்கிரம், சீக்கிரம்'னு கணக்குப்பிள்ளை அண்ணன் கத்துவார். காலையில கிடைக்காத காய்க்கு, சாயங்காலம் ஏன் ஓடணும்?

எல்லாரும் எப்பவும் பிஸியா?

முதலாளிக்கு ஒரு கொள்கை இருந்துச்சு. கிட்டங்கிக்குள்ள யார் கையும் சும்மா இருக்கக் கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கு வேற சொல்லுது.

1909-லேயே கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில வேலை பார்த்த ஏ.கே.எர்லாங் இதை ஆராய்ஞ்சார். எத்தனை லைன் இருந்தா எத்தனை பேர் காத்திருக்க நேரும்னு பார்த்தார். அங்கே ஆரம்பிச்சதுதான் க்யூயிங் தியரி. அதோட அடிப்படை ஃபார்முலாவைக் கிட்டங்கியில வைச்சுப் பார்ப்போம். ஒரு ஆள், ஒரு மூட்டைக்குச் சராசரியா 10 நிமிஷ வேலை. மூட்டை வர்றதும், வேலை முடியுறதும் இஷ்டத்துக்குக் கூடிக் குறையுதுன்னு வைச்சுக்கோங்க. அந்த ஆள் 80 சதவிகித நேரம் பிஸியா இருந்தா, வர்ற மூட்டை சராசரியா 40 நிமிஷம் காத்திருக்கும். 90 சதவிகிதம்னா 90 நிமிஷம். 95-ன்னா 190 நிமிஷம். 99-ன்னா பதினாறரை மணி நேரம்! 100-ஐத் தொட்டா, வரிசை வளர்ந்துக்கிட்டே போகும். கொஞ்சம் ஓய்வு இருக்கிற இடத்துலதான் வேலை ஓடும். எங்க பள்ளத்தாக்குல மடை பார்க்கிற தாத்தாக்களுக்கு இது தெரியும். வாய்க்காலை விளிம்பு வரைக்கும் நிரப்பி விட்டா, அடுத்த மழைக்குக் கரை தாங்காது.

இப்ப மெஸ் தோசைக்கு வருவோம். 90 சதவிகிதம் பிஸியான ரெண்டு ஆள், தனித்தனி வரிசைன்னா காத்திருப்பு 90 நிமிஷம். அதே ரெண்டு ஆள், அதே வேகம், ஆனா ஒரே வரிசை, யார் ஃப்ரீயோ அவங்ககிட்ட அடுத்தவர் போகலாம்னா? ஏறக்குறைய 43 நிமிஷம்! ஆளைக் கூட்டலை, வேகத்தைக் கூட்டலை. பாதிக்கு மேல குறைஞ்சுடுச்சு. பேங்க்ல டோக்கன் கொடுக்கிறது இதுக்குத்தான். கிட்டங்கியில இதோட அர்த்தம், 'நான் கட்டுறவன், நான் சலிக்க மாட்டேன்'ங்கிற கோட்டை அழிக்கிறது. ரெண்டு வேலை தெரிஞ்ச ஆள், ரெண்டு வரிசையை ஒண்ணாக்குறார்.

இன்னொரு சின்ன சூத்திரம். 1961-ல ஜான் லிட்டில் நிரூபிச்சது. கிட்டங்கிக்குள்ள சராசரியா 30 மூட்டை இருக்கு, மணிக்கு 10 மூட்டை வெளியே போகுதுன்னா, ஒரு மூட்டை உள்ளே 3 மணி நேரம் தங்குது. அவ்வளவுதான் சூத்திரம்! உங்க மெஸ்ல, ஆஸ்பத்திரியில, ரேஷன் கடையில எங்கே வேணும்னாலும் போட்டுப் பாருங்க.

ரெண்டாவது காலம்

சரி, ரிசல்ட்டுக்கு வருவோம். என் மாடல்ல ஜெயிச்சது ஒரே பிரிவு இல்லை. நேரத்துக்கு நேரம் மாறுற பிரிவு. காலையில பத்து மணி வரைக்கும் இறக்க 3, சலிக்க 5, பொறுக்க 16, கட்ட யாரும் இல்லை. அப்புறம் இறக்க 2, சலிக்க 3, பொறுக்க 16, கட்ட 3. அதே 24 பேர். புதுசா ஒரு ஆள் இல்லை, ஒரு மெஷின் இல்லை.

முதலாளிகிட்ட ஒரு பேப்பர்ல ரெண்டு காலம் போட்டுக் காட்டினேன். முதல் காலம், அன்னைக்கு முடிஞ்ச மூட்டை. அதுல பழைய முறையும் புது முறையும் ஏறக்குறைய ஒண்ணு. ஏன்னா ரெண்டுலயும் வந்த சரக்கு அன்னைக்கே முடிஞ்சுடுது. 'அப்புறம் எதுக்கும்மா மாத்தணும்?'ன்னு கேட்டார். நியாயமான கேள்வி!

ரெண்டாவது காலத்தைக் காட்டினேன். பொறுக்குற ஒருத்தங்க காய் இல்லாம ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்காங்க? பழைய முறையில 70 நிமிஷம். புது முறையில 15. ஆளுக்கு 55 நிமிஷம் மிச்சம், பதினாறு பேருக்கு 14 மணி 40 நிமிஷம். தினமும்!

கூலி கிலோ கணக்கு. அதனால அந்த 14 மணி 40 நிமிஷத்துக்கு யாரும் காசு கொடுக்கலை. யாரும் காசு கொடுக்காததால அது எந்த நோட்டுலயும் இல்லை. நோட்டுல இல்லாததால, கிட்டங்கியில அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை! காத்திருந்தது யார்ங்கிறது பதினாறு பேருக்கு மட்டும் தெரியும்.

இங்கேதான் நான் உங்ககிட்ட முக்கியமாச் சொல்ல நினைச்சது இருக்கு. கம்ப்யூட்டர் தானா எதையும் 'சிறந்தது'ன்னு சொல்லாது. எதைக் குறைக்கணும், எதைக் கூட்டணும்னு நீங்கதான் சொல்லணும். மூட்டையை மட்டும் எண்ணச் சொன்னா, மூட்டையை மட்டும் எண்ணும். பொறுக்குறவங்க நேரத்துக்கு விலை பூஜ்யம்னு எழுதினா, அந்த நேரத்தைத் தண்ணியாச் செலவழிக்கும். ப்ராஜெக்ட் ரிவ்யூல ஒரு சார், 'அந்த ரெண்டாவது காலம் கம்பெனிக்குச் செலவே இல்லையேம்மா, அதை ஏன் சேர்த்தே?'ன்னு கேட்டார். 'கம்பெனிக்கு இல்லை சார், எங்க சித்திக்குச் செலவு'ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, 'அதை ரிப்போர்ட்ல தனி சாப்டரா எழுது'ன்னார்.

'அப்ப எத்தனை பேரை நிறுத்தலாம்?'

முதலாளி அடுத்துக் கேட்டது இந்தக் கேள்வி. 'காலையில இவ்வளவு நேரம் சும்மா இருந்தாங்கன்னா, பொறுக்க 13 பேர் போதும்தானே?'

எல்லா வேர்ஹவுஸ்லயும், எல்லா நாட்டுலயும் இந்தக் கேள்வி வரும். அமேசான் 2012-ல கீவா சிஸ்டம்ஸ்ங்கிற ரோபோ கம்பெனியை 77.5 கோடி டாலருக்கு வாங்குச்சு. அதுக்கப்புறம் அவங்க வேர்ஹவுஸ் பலதுல, ஆள் ரேக்கைத் தேடி நடக்கிறதில்லை, ரேக்கே ஆளைத் தேடி வருது. நடை மிச்சம். ஆனா நடக்கும்போது கிடைச்ச மூச்சு வாங்குற நேரமும் அதோட போச்சு. ஏலக்காயிலேயே கேமரா வைச்சு நிறம் பிரிக்கிற மெஷின் இருக்கு. இந்தக் கேள்வியைப் பார்த்து ஓடி ஒளிய முடியாது.

நானும் ஓடலை. 13 போட்டு, 100 நாள் ஓட்டினேன். சாதா நாள்ல ஜாலியா முடிஞ்சது. ஆனா 100-ல 22 நாள், வேலை முடிய ராத்திரி எட்டு மணிக்கு மேல ஆச்சு. சராசரி பார்த்தா 13 போதும். ஆனா சராசரி நாள்னு ஒரு நாள் காலண்டர்லயே இல்லையே! 'அந்த 22 நாளுக்கு வெளியாளைக் கூப்பிட்டுக்கலாம்ல?'ன்னார். ஏலம் முடிஞ்ச மறுநாள் எல்லாக் கிட்டங்கிக்கும் சரக்கு ஒண்ணாத்தான் வரும். சீசன் நேரத்துல மிச்சம் இருக்கிற கை எல்லாம் ஜீப் ஏறி மலைக்குப் போயிருக்கும். யாரைக் கூப்பிடுறது? எட்டு மணிக்கு மேல ஆனா, கிராமத்துல இருந்து வர்ற ஏழு பேருக்குக் கடைசி பஸ் கிடையாது. அடுத்த நாள் அவங்க வரலைன்னா, 13 பேர் 6 பேராகிடும். இதையும் ஓட்டிக் காட்டினேன். அதைப் பார்த்துட்டு பேப்பரை மடிச்சுச் சட்டைப் பையில வைச்சுக்கிட்டார்.

என்ன நடந்துச்சு? காலையில அஞ்சு பேர் சலிக்கிறது அடுத்த வாரமே ஆரம்பிச்சது. அந்த சீசன் முழுக்கப் பதினாறு பேரும் இருந்தாங்க. காத்திருக்கிற நேரத்துக்குக் கூலி கொடுக்கணும்னு நான் எழுதின பக்கத்துக்குப் பதில் வரலை. கிலோ கணக்கு இன்னைக்கும் கிலோ கணக்குதான். சீசன் முடிஞ்சதும் வழக்கம்போல ஆளைக் குறைச்சாங்க. ஒரு லேப்டாப் உலகத்தை மாத்திடும்னு நான் சொல்ல வரலை. ஆனா அந்தச் சீசன்ல சித்தி சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாங்க. 'முன்ன மாதிரி ராத்திரி உலை வைக்கலைத்தா, டிவி பார்க்க நேரம் இருக்கு'ன்னாங்க. ஒரு நாளைக்கு 55 நிமிஷம்னா அதுதான்.

இப்ப உங்க டர்ன்!

ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து, போன வருஷ சீனியர் பண்ணினதையே அட்டை மாத்தி வாங்கிட்டு வரப் போறீங்களா? ப்ளீஸ், வேண்டாம். உங்க ஊரைச் சுத்திப் பாருங்க. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. பறிச்ச பழம் பெட்டிக்குள்ள போறதுக்கு எத்தனை மணி நேரம் வெயில்ல நிக்குது? சின்னமனூர் வாழைக்காய் லாரியில ஏத்துறப்ப வெட்டுறவர், சுமக்கிறவர், அடுக்குறவர் யார் யாருக்காகக் காத்திருக்காங்க? ஜி.ஹெச்.ல மாத்திரை வாங்குற வரிசைக்கு ஒரே க்யூ போட்டா என்ன ஆகும்? பைத்தான்ல 'சிம்பை'ங்கிற லைப்ரரி இலவசம். அதுவும் வேண்டாம்னா எக்ஸெல் போதும். அதுவும் இல்லைன்னா ரெண்டு டைஸும் புளியங்கொட்டையும்!

மூணே மூணு விஷயம் மட்டும் மறக்காதீங்க. ஒண்ணு, அளக்கிறதுக்கு முன்னாடி அனுமதி கேளுங்க. ரெண்டு, சராசரியை நம்பாதீங்க, மோசமான நாளைத் தனியா ஓட்டிப் பாருங்க. மூணு, ரிசல்ட் பேப்பர்ல கட்டாயம் ரெண்டாவது காலம் ஒண்ணு போடுங்க. அங்கே வேலை செய்யுறவங்க யாரையாவது கேட்டு, அந்தக் காலத்துக்குத் தலைப்பை அவங்களையே சொல்லச் சொல்லுங்க. என்ன எழுதணும்னு அவங்களுக்கு உங்களைவிட நல்லாத் தெரியும்.

நாளைக்கு நீங்க பெரிய கம்பெனியில உட்கார்ந்து, 24 பேரை இல்லை, 24,000 பேரை எங்கே நிறுத்தணும்னு ஸ்கிரீன்ல நகர்த்துற வேலையில இருக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கடைசி பஸ் இருக்குங்க. அது எத்தனை மணிக்குன்னு முதல்ல கேட்டு வைச்சுக்கோங்க.